தீ கீழே, தண்ணீர் மேலே

கடலூர் முதுநகர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பெருநகரத் தீயணைப்பு வீரர்களின் வீடியோ பார்த்தேன். தீ கீழே எரிகிறது. அவர்களோ மேலே திரண்ட புகைக்குள் ஒரு நொடி தண்ணீரைத் தூவிவிட்டு நிறுத்துகிறார்கள். வீண் இல்லையா?”

வீணே இல்லை. அந்தப் புகையும் எரிபொருள்தான். அது 600 டிகிரி செல்சியஸை நெருங்கினால், அதன் அனலிலேயே கட்டில், துணி எல்லாம் வாயுவைக் கக்கி, அறை மொத்தமும் குப்பென்று பற்றிக்கொள்ளும். உள்ளே நிற்பவர் பிழைப்பது அரிது.

அதனால் முதலில் புகையைக் குளிர்விக்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 2,257 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும்; பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பம். துளி சிறிதானால் பரப்பு பெருகி, சீக்கிரம் ஆவியாகும்.

சரி, ஒரு லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட 1,700 லிட்டர் நீராவி ஆகுமே, அது வீரரையே அவித்துவிடாதா? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். துளி புகையின் நடுவிலேயே ஆவியானால், அதற்கான வெப்பத்தைப் புகைதான் கொடுக்கிறது. குளிர்ந்த வாயு சுருங்கும். 600 டிகிரியில் இருக்கும் ஒரு கனமீட்டர் புகை 200 டிகிரிக்கு இறங்கினால் 0.54 கனமீட்டர்தான் இருக்கும். அதைக் குளிர்வித்த தண்ணீர் தரும் நீராவியோ ஏறத்தாழ 0.14. இரண்டையும் கூட்டினாலும் 0.7 வரவில்லை. தண்ணீரைச் சேர்த்த பிறகு மொத்தக் கொள்ளளவு குறைகிறது! புகைப்படலம் மேலேறி, தரையோரம் கண் தெரிகிறது.

அதே துளி கொதிக்கும் சுவரில் பட்டால் கதை வேறு. வெப்பம் சுவரிலிருந்து வருகிறது. புகை சுருங்காமல் நீராவி மட்டும் கூடுகிறது. வீரர் வெந்துபோவது அப்போதுதான். அதனால்தான் அந்த ஒரு நொடிக் கணக்கு: தூவு, நிறுத்து, புகையைப் பார். 1980களில் சுவீடனில் வளர்ந்த உத்தி இது.

இது படித்து வரும் வித்தை அல்ல. தீ மூட்டிய கன்டெய்னருக்குள் போய்த்தான் பழக வேண்டும். சிப்காட் ரசாயன ஆலைகளை வைத்திருக்கும் கடலூரில் அப்படியொரு பயிற்சிக்கூடத்துக்கு அரசு தாராளமாகச் செலவழிக்க வேண்டும். 1944 பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் இறந்த வீரர்களுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ல் அஞ்சலி செலுத்துகிறோம். இன்று பணியில் இருப்பவர்களுக்குச் செய்ய வேண்டியது இது.

இன்னொன்று, இந்த உத்தி மூடிய அறைக்குத்தான். கூரை வீடு பற்றினால் புகை வானத்துக்குப் போய்விடும். அங்கே கீற்றைக் கொக்கியால் இழுத்துப் பிரித்துப் போட்டு, உள்ளே கனன்றுகொண்டிருப்பதை நனைக்க வேண்டும்.