எம்.பி. பதவி விலகினால் இடைத்தேர்தல் வருமா?

சிங்கப்பூரில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் பதவி விலகிய செய்தி வந்ததும் வாட்ஸ்அப் குழுக்களில் முதலில் வந்து விழும் கேள்வி, "அப்போ இடைத்தேர்தல் எப்போ?" என்பதுதான். விலகியவர் யார், ஏன் விலகினார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவர் வென்றது ஒரே உறுப்பினர் உள்ள தனித்தொகுதியிலா, பலர் ஓர் அணியாக நின்று வெல்லும் குழுத்தொகுதியிலா என்று பார்த்தால் போதும். தனித்தொகுதி என்றால் இடைத்தேர்தல் வர வேண்டும். எப்போது என்பது பிரதமரின் முடிவு. குழுத்தொகுதி என்றால் அந்த அணியில் இருக்கும் அத்தனை பேரும் விலகினால் ஒழிய இடைத்தேர்தல் கிடையாது.

2025 பொதுத்தேர்தலில் இருந்த 97 இடங்களில் தனித்தொகுதி இடங்கள் வெறும் 15. மீதி 82 இடங்கள் 18 குழுத்தொகுதிகளுக்குள் இருக்கின்றன. ஆக, சிங்கப்பூரில் வாக்குரிமை உள்ள பெரும்பாலானோருக்கு இடைத்தேர்தல் என்பது பக்கத்துத் தொகுதியில் நடக்கும் விஷயம்தான்.

பதவி விலகுவது சுலபம். நாடாளுமன்ற நாயகருக்கு (சபாநாயகருக்கு) கையெழுத்திட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும், அவ்வளவுதான். தமிழ்நாட்டுச் செய்திகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு "சபாநாயகர் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டாரா?" என்று கேட்கத் தோன்றும். அந்த இழுபறி இங்கே இல்லை. உறுப்பினர் தானாக விலகாமலும் இடம் காலியாகலாம். எந்தக் கட்சியின் சார்பில் நின்று வென்றாரோ அந்தக் கட்சியை விட்டு விலகினாலும், கட்சியே அவரை நீக்கினாலும் நாடாளுமன்ற இடமும் சேர்ந்தே போய்விடும். கட்சி தாவி எம்.பி.யாகத் தொடர வழியே கிடையாது. 2012 பிப்ரவரியில் ஹவ்காங் தனித்தொகுதி காலியானது அப்படித்தான். அதன் உறுப்பினர் யாவ் ஷின் லியோங்கை எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி நீக்கியது. தேர்தலில் நிற்காமல் நியமிக்கப்படும் நியமன உறுப்பினர்களும், தோற்றும் அதிக வாக்கு பெற்றதால் இடம் பெறும் தொகுதியில்லா உறுப்பினர்களும் விலகினால் இடைத்தேர்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி, எப்போது என்ற கேள்வி. அரசமைப்புச் சட்டத்தின் 49வது பிரிவு, காலியான இடம் தேர்தல் மூலம் நிரப்பப்பட வேண்டும் என்கிறது. எத்தனை மாதத்துக்குள் என்று சொல்லவில்லை. இந்தியாவில் ஆறு மாதம் என்று கெடு இருக்கிறது. இங்கேயும் ஒரு காலத்தில் இருந்தது: 1963ஆம் ஆண்டின் மாநில அரசமைப்பில் மூன்று மாதக் கெடு. சுதந்திரம் வந்த 1965லேயே அதை எடுத்துவிட்டார்கள்.

கெடு இல்லாததால் இரண்டு விதமாகவும் நடக்கலாம் என்பதை ஆன்சன் தொகுதி பார்த்தது. தேவன் நாயர் அதிபரானதால் காலியான அந்த இடத்துக்கு 1981 அக்டோபர் 31ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்தது. பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்தினம் ஏறக்குறைய 52 விழுக்காடு வாக்குகளுடன் வென்று, 1960களுக்குப் பின் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்த முதல் எதிர்க்கட்சிக்காரர் ஆனார். நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் இன்றும் அந்த இரவைப் பற்றிப் பேசுவார்கள். 1986 நவம்பரில் அவர் பதவி இழந்தபோது இடைத்தேர்தல் நடக்கவில்லை. 1988 பொதுத்தேர்தல் வரை இடம் காலியாகவே கிடந்தது. அந்தத் தேர்தலுக்குள் ஆன்சன் என்ற தொகுதியே வரைபடத்திலிருந்து போய்விட்டது.

பிரதமர் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் காத்திருக்கலாமா? இந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் வழக்கறிஞரோ அரசியல்வாதியோ அல்ல. ஹவ்காங்கில் குடியிருந்த, துப்புரவுப் பணி செய்துவந்த ஒரு தமிழ்ப் பெண்மணி. தன் தொகுதிக்கு உறுப்பினர் இல்லை, தேர்தலும் அறிவிக்கவில்லை என்று 2012 மார்ச்சில் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றம் அது முழுக்கப் பிரதமரின் விருப்பம் என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013 ஜூலையில் வேறு மாதிரிச் சொன்னது: இடைத்தேர்தல் நடத்துவது கடமை, அதை நியாயமான காலத்துக்குள் நடத்த வேண்டும், பிரதமரின் அதிகாரம் கட்டற்றது அல்ல. அதற்குள் ஹவ்காங்கில் தேர்தல் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் அவருக்கு உத்தரவு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் இன்று தனித்தொகுதியில் இருக்கும் எவரும் "எங்களுக்குத் தேர்தல் வேண்டும்" என்று கேட்க நிற்கும் தரை, அவர் போட்டுக்கொடுத்தது. பாடப்புத்தகத்தில் இடம்பெற வேண்டிய வழக்கு என்பது என் எண்ணம்.

நடைமுறையில் அண்மைய மூன்று இடைத்தேர்தல்களுமே நான்கு மாதத்துக்குள் முடிந்தன. ஹவ்காங், மே 26, 2012: பாட்டாளிக் கட்சி தக்கவைத்துக்கொண்டது. பொங்கோல் ஈஸ்ட், ஜனவரி 26, 2013: நாயகராக இருந்த மைக்கல் பால்மர் விலகி ஆறு வாரம் கழித்து நடந்த நான்முனைப் போட்டியில் பாட்டாளிக் கட்சியின் லீ லி லியான் ஆளும் மக்கள் செயல் கட்சியிடமிருந்து (மசெக) இடத்தைப் பறித்தார். புக்கிட் பாத்தோக், மே 7, 2016: டேவிட் ஓங் விலகிய இடத்தில் மசெகவின் முரளி பிள்ளை, சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சியின் சீ சூன் ஜுவானை 61 விழுக்காடு வாக்குகளுடன் வென்றார். பெரும்பான்மைச் சீனர்கள் வாழும் தனித்தொகுதியில், தனியாளாக நின்று ஓர் இந்தியர் பெற்ற வெற்றி. குழுத்தொகுதியில் சிறுபான்மையினருக்கு இடம் என்ற விதி பற்றி யார் பேசினாலும் இது நினைவில் இருக்கட்டும்.

குழுத்தொகுதி முறை 1988இல் வந்தது. அணியில் குறைந்தது ஒருவர் மலாய்க்காரராகவோ, இந்தியர் அல்லது பிற சிறுபான்மை இனத்தவராகவோ இருக்க வேண்டும். நாடாளுமன்றத் தேர்தல் சட்டம், அணி முழுவதும் காலியானால்தான் தேர்தல் ஆணை பிறப்பிக்கலாம் என்கிறது. அரசாங்கத் தரப்பு சொல்லும் காரணம் இதுதான்: வாக்காளர் தேர்ந்தெடுத்தது ஓர் அணியை, ஒருவர் போனாலும் மற்றவர்கள் தொகுதியைப் பார்த்துக்கொள்வார்கள், ஒருவர் கோபித்துக்கொண்டு விலகி மொத்த அணியையும் தேர்தலுக்கு இழுத்துவிடக் கூடாது.

கடைசிக் காரணம் எனக்கும் நியாயமாகப் படுகிறது. ஆனால் நடந்தவற்றைப் பாருங்கள். 2017 ஆகஸ்டில் அதிபர் தேர்தலில் நிற்க ஹலிமா யாக்கோப் மார்சிலிங்-இயூ டீயிலிருந்து விலகினார். நால்வர் அணியில் சிறுபான்மை இனத்தவர் அவர் ஒருவரே. 2020 பொதுத்தேர்தல் வரை மூன்றாண்டுக்கு அந்த இடம் நிரப்பப்படவில்லை. சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஒருவர் தொடுத்த வழக்கில், ஒருவர் விலகியதற்காக இடைத்தேர்தல் நடத்தவோ மற்றவர்கள் விலகவோ தேவையில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 2023 ஜூலையில் ஒரே மாதத்தில் ஜூரோங்கில் தர்மன் சண்முகரத்னம், மரின் பரேட்டில் டான் சுவான் ஜின், தெம்பனிஸில் செங் லி ஹுய், அல்ஜுனிட்டில் லியோன் பெரேரா என நான்கு குழுத்தொகுதிகளில் நான்கு இடங்கள் காலியாயின. 2024 ஜனவரியில் வெஸ்ட் கோஸ்ட்டில் எஸ். ஈஸ்வரனின் இடமும் சேர்ந்தது. ஓர் இடைத்தேர்தலும் இல்லை. 2025 மே வரை ஐந்தும் காலி. அணிக்குச் சிறுபான்மை உறுப்பினர் கட்டாயம் என்று வாசலில் நிறுத்திக் கேட்கும் சட்டம், உள்ளே போன பிறகு அதைக் கேட்பதில்லை. காலியான அந்த ஓர் இடத்துக்கு மட்டும் தேர்தல் வைக்க ஏன் ஒரு வழி இல்லை என்பதற்கு எனக்குத் திருப்தியான பதில் இதுவரை கிடைக்கவில்லை.

குழுத்தொகுதி இடைத்தேர்தல் இதுவரை ஒன்றே ஒன்று: 1992 டிசம்பர் 19, மரின் பரேட். அப்போதைய பிரதமர் கோ சோக் தோங்கும் அவருடைய அணியினரும் தாங்களாகவே விலகி மீண்டும் நின்றார்கள். ஏறக்குறைய 73 விழுக்காடு வாக்குகளுடன் வென்றார்கள்.

இடம் காலியாக இருக்கும்போது குடியிருப்பாளர் யாரிடம் போவது? எம்.பி. மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சியில் வரிசை எண் வாங்கிக்கொண்டு, கையில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடிதத்தோடு அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் காத்திருக்கும் பாட்டிக்கு இதுதான் முக்கியமான கேள்வி. குழுத்தொகுதியில் மற்ற உறுப்பினர்கள் அந்தப் பகுதியைப் பகிர்ந்துகொள்வார்கள். தனித்தொகுதியில் அதே கட்சியின் பக்கத்துத் தொகுதி உறுப்பினர் வந்து பார்ப்பதுதான் வழக்கம். அந்தந்த அமைப்புக்கு எழுதும் பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்து மட்டும் வேறாக இருக்கும். குடியிருப்புப் பேட்டையைப் பராமரிக்கும் நகர மன்றம் தொடர்ந்து இயங்கும். மாதக் கட்டணத்தை நிறுத்த முடியாது. இடைத்தேர்தலில் கட்சி மாறினால் நகர மன்றமும் மாறலாம். பொங்கோல் ஈஸ்ட் அப்படித்தான் 2013இல் அல்ஜுனிட்-ஹவ்காங் நகர மன்றத்தோடு சேர்ந்தது.

உங்கள் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தால், பிரதமரின் ஆலோசனைப்படி அதிபர் தேர்தல் ஆணை பிறப்பிப்பார். பிறகு வேட்புமனுத் தாக்கல், பிரசாரம், ஒரு நாள் பிரசார ஓய்வு, வாக்களிப்பு. வாக்களிப்பு காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை. வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் எந்தத் தொகுதியில் இருக்கிறதோ அங்கேதான் வாக்கு. அண்மையில் வீடு மாறியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பட்டியல் பழைய முகவரிப்படி இருந்தால் பழைய தொகுதிக்குத்தான் போக வேண்டும். ஆணை வந்த பிறகு பட்டியலில் பெயர் சேர்க்க முடியாது.

வாக்குச்சீட்டில் எண் இருப்பதைப் பார்த்து, யாருக்குப் போட்டோம் என்று தெரிந்துவிடும் எனப் பயப்படுகிறவர்கள் நம்மில் இன்னும் உண்டு. அந்த எண் கள்ளச் சீட்டைத் தடுக்க. எண்ணி முடித்த சீட்டுகளை முத்திரையிட்டு உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதம் பூட்டிவைத்து, பிறகு அழித்துவிடுவார்கள். பெருக்கல் குறியைப் பதிக்கும் மைப்பேனா 2020 முதல் சாவடியிலேயே தரப்படுகிறது. கட்டத்தின் மேல் நிமிர்த்திப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினால் போதும். சொந்தப் பேனாவிலும் குறியிடலாம்.

பொதுத்தேர்தல் நாள் விடுமுறை. இடைத்தேர்தல் நாள் விடுமுறை அல்ல. மேலே சொன்ன மூன்றும் சனிக்கிழமைகளில் வந்தன. வேலை இருந்தாலும் போய் வாக்களிக்க முதலாளி போதிய நேரம் தர வேண்டும், அது சட்டம். இடைத்தேர்தலிலும் வாக்களிப்பு கட்டாயம். போடாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் நீங்கும். திரும்பச் சேர்க்க விண்ணப்பிக்க வேண்டும். உடல்நலக் குறைவு, வெளிநாட்டு வேலை போன்ற ஏற்கத்தக்க காரணம் இல்லை என்றால் 50 வெள்ளி கட்ட வேண்டும்.

நிரந்தரவாசிகளுக்கும் வேலை அனுமதியில் இருப்போருக்கும் வாக்கு இல்லை. பிரசாரத்தில் இறங்கவும் அனுமதி இல்லை. கட்சித் தொண்டரான நண்பர் "ஒரு கை கொடு" என்று கூப்பிட்டாலும் துண்டுப்பிரசுரம் கொடுக்கவோ வேட்பாளருக்காக வீடு வீடாகப் போகவோ கூடாது.