மார்க்கெட்டிங் காலண்டர்: சொல்லும் பொருளும்

ஒரு நிறுவனம் ஓராண்டில் எந்தப் பொருளை, யாரிடம், எந்த வழியில், எப்போது கொண்டுபோய்ச் சேர்க்கப் போகிறது, அதற்கு என்ன செலவாகும் என்பதை முன்கூட்டியே தேதிவாரியாக எழுதிவைக்கும் ஏடுதான் மார்க்கெட்டிங் காலண்டர். அது பண்டிகைப் பட்டியல் அல்ல. தீபாவளி என்றைக்கு என்று பார்க்கச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். தீபாவளிப் பலகாரப் பெட்டிக்கு அச்சகத்தில் என்றைக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்த ஏடு.

சொல்லின் வேர் சுவையானது. இலத்தீனில் ‘கலெண்டே’ என்றால் மாதத்தின் முதல் நாள். கடனுக்கு வட்டி கட்டும் நாளும் அதுதான். அதனால் வட்டிக்கு விடுவோரின் கணக்கேட்டுக்குக் ‘கலெண்டாரியம்’ என்று பெயர் வந்தது. காலண்டர் அதிலிருந்து பிறந்தது. பேரேடும் ஐந்தொகையுமாகப் பர்மா, மலேயா வரை கொடுக்கல் வாங்கல் நடத்திய செட்டிநாட்டுக்கு இது புதிதாகத் தோன்றாது. மார்க்கெட் என்பதும் வணிகத்தையும் சந்தையையும் குறித்த ‘மெர்காட்டுஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்ததே.

தமிழில் மார்க்கெட்டிங்குக்குச் ‘சந்தைப்படுத்தல்’ பரவலாக வழங்குகிறது. ‘சந்தையிடுகை’ என்றும் எழுதுகிறார்கள். அரசுத் துறைப் பெயர்களில் ‘விற்பனை’ என்றே வரும்: வேளாண் விற்பனை. ஆனால் விற்பனை என்பது கல்லாவில் பணம் விழும் கட்டம். அதற்கு முன்னால் நடக்கும் வேலை அத்தனையும் அந்தச் சொல்லுக்குள் அடங்காது. ‘விளம்பர நாட்காட்டி’ இன்னும் குறுகல், ஏனெனில் விலை, பொட்டலம், சரக்கு இருப்பு எல்லாம் விடுபட்டுப்போகும். ‘பஞ்சாங்கம்’ என்று சிலர் விளையாட்டாகச் சொல்வதுண்டு. அது வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்ற ஐந்து உறுப்புகளால் பெற்ற பெயர், இங்கே ஒட்டாது. ஆவணத்தில் எழுத ‘ஆண்டுச் சந்தைப்படுத்தல் நாட்காட்டி’ சரியான சொல். கடைப் பேச்சில் ‘வருஷத் திட்டம்’ போதும்.

காரைக்குடியில் பலகாரக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2026 தீபாவளி நவம்பர் 8. தேதியைப் போட்டுவிட்டுப் பின்னோக்கி எண்ண வேண்டும். உள்ளூர் ஆர்டரை அக்டோபர் 31-இல் முடித்தால்தான் கடைசி வாரம் அடுப்புக்கு மிஞ்சும். சிங்கப்பூர், மலேசியா பார்சல் ஆர்டரை அக்டோபர் 15-இல் நிறுத்த வேண்டும். முறுக்கு, சீப்புச் சீடை, மனகோலம் பயணம் தாங்கும், அதிரசத்தை அந்தப் பட்டியலில் சேர்க்காமல் இருப்பது நல்லது. போன வருஷம் வாங்கியவர்களுக்கு வாட்ஸ்அப் செய்தி செப்டம்பர் 20 வாக்கில் போக வேண்டும். செப்டம்பர் 14 பிள்ளையார் சதுர்த்தி. பிள்ளையார்பட்டிக் கூட்டம் வருவதற்கு முன்பே பலகாரங்களைப் படம் எடுத்துவிட வேண்டும். பெட்டி அச்சுக்கு ஆகஸ்ட் கடைசி. பெட்டிக்குப் பதில் பனையோலைக் கொட்டானில் வைத்துக் கொடுப்பதானால் இன்னும் முன்னால் போக வேண்டும். கையால் பின்னுவதை அவசரப்படுத்த முடியாது.

அதிகம் பேர் சறுக்குவது பழைய ஏட்டை அப்படியே நகலெடுப்பதில். பொங்கலும் சித்திரை முதல் நாளும் சூரியக் கணக்கு, ஒரு நாள் முன்பின் ஆகலாம், அதற்குமேல் நகராது. தீபாவளி அமாவாசையைப் பிடித்து வருவது: 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. போன வருஷ அக்டோபரையும் இந்த வருஷ அக்டோபரையும் பக்கத்தில் வைத்து ‘வியாபாரம் விழுந்துவிட்டது’ என்று பதறுவது இதனால்தான். ஒப்பிட வேண்டியது மாதத்தை அல்ல, பண்டிகைக்கு முந்தைய ஆறு வாரங்களை.

சென்னையிலோ மும்பையிலோ தயாராகும் ஆயத்த நாட்காட்டிகளில் பிள்ளையார் நோன்பு இருக்காது. திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள், சஷ்டியும் சதயமும் கூடும் மார்கழி நாளில் செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் ‘இழை’ எடுத்துக்கொள்வார்கள், அதாவது நூல் திரியை மாவில் வைத்து ஏற்றிச் சுடரோடு விழுங்குவார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களும் விடுவதில்லை. பொரி வகைகளும் நோன்புக்கான மாவும் விற்பவருக்கு இது தீபாவளிக்குச் சமம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. அந்த மாதங்களில் கல்யாணச் சீர் விளம்பரத்துக்குக் கொட்டும் பணம் வீண். அடுத்து வரும் ஆவணிக்கும் தைக்கும் அப்போதே விசாரிப்பு வரும், அதைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

தொழிலைப் பொறுத்து ஏடே தலைகீழாகும். செட்டிநாட்டுத் தரை ஓடான ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிமேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கல் காய்வது தாமதமாகும். அந்த நேரத்தில் தள்ளுபடி அறிவித்து ஆர்டரைக் குவிப்பவர், சொன்ன தேதிக்குக் கல் கொடுக்க முடியாமல் வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்குவார். கல் பட்டறைக்கு விளம்பரக் காலம் தை முதல் ஆனி வரை.

ஏட்டில் பத்தி அதிகம் வேண்டாம்: ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, நிகழ்வு, பொருள், யாருக்கு, எதன் வழி, வேலை தொடங்கும் நாள், பொறுப்பாளர், செலவு, கிடைத்த ஆர்டர். ஏப்ரல் முதல் மார்ச் வரை போட்டால் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகும். மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவைக்கலாம், மழை, விலையேற்றம், திடீர்த் தேர்தல் எதுவும் வரலாம். பலரும் காலியாக விடுவது ‘கிடைத்த ஆர்டர்’ என்ற கடைசிப் பத்தியைத்தான். அது நிரம்பாவிட்டால் அடுத்த வருஷம் எந்தச் செலவை வெட்டுவது என்று யாருக்கும் தெரியாது.