பேட்டரி இல்லாமல் பாடிய கல்

ரேடியோவின் வரலாறு என்றால் அலையை அனுப்பியவர்களைத்தான் அதிகம் பேசுகிறோம். உண்மையில் பெரிய பாடு, வந்த அலையைக் கண்டுபிடிப்பதில்தான் இருந்தது. 1887-இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் முதன்முதலில் ரேடியோ அலையை உண்டாக்கியபோது, எதிரே வைத்த கம்பி வளையத்தின் இடைவெளியில் தெறித்த பொறி மிகச் சிறியது. இருட்டில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்து வந்தது உலோகத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாய். அலை பட்டதும் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விடும். ஒரு தட்டு தட்டினால் பழைய நிலைக்குத் திரும்பும். மார்க்கோனியின் தொடக்ககாலத் தந்திக் கருவிகள் இதை நம்பித்தான் ஓடின. அலை வந்ததா இல்லையா என்று மட்டுமே அது சொல்லும். மோர்ஸ் புள்ளிக்கும் கோட்டுக்கும் அது போதும், மனிதக் குரலுக்குப் போதாது.

ஏன் போதாது? 1000 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அதன் அலை நொடிக்குப் பத்து லட்சம் முறை ஏறி இறங்குகிறது. குரலுக்கு ஏற்ப அந்த ஏற்ற இறக்கத்தின் உயரம் கூடிக் குறைகிறது. இதுதான் ஏஎம் பண்பேற்றம். இதை அப்படியே ஹெட்போனுக்குக் கொடுத்தால் ஒரு சத்தமும் வராது. அதன் தகடு அவ்வளவு வேகமாக அசைய முடியாது. தவிர, மேலே போகும் பாதி தள்ளுவதைக் கீழே போகும் பாதி உடனே இழுத்துவிடும், கூட்டிப் பார்த்தால் பூஜ்யம். ஒரு பாதியை வெட்டிவிட்டால் கதையே வேறு. மிச்சமுள்ள துடிப்புகளின் சராசரி குரலைப் போலவே ஏறி இறங்கும், தகடும் அதற்கேற்ப அசையும்.

இந்த வெட்டும் வேலையை ஒரு கல் செய்தது. கலீனா என்ற ஈயத் தாதுவின் படிகத்தில் மெல்லிய கம்பி முனையை வைத்தால், மின்சாரம் ஒரு திசையில் எளிதாகப் போகும், மறு திசையில் போகாது. ஜகதீஷ் சந்திர போஸ் கலீனாவை வைத்து ஒரு கண்டறிவானைச் செய்து 1901-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பின்னாளில் வீடுகளுக்கு வந்த படிக ரேடியோக்களில், கல்லின் மேல் கம்பியை நகர்த்தி நகர்த்தி நல்ல இடத்தைத் தேட வேண்டும். கொஞ்சம் அசைந்தாலும் நிலையம் போய்விடும். ஆனால் பேட்டரியே தேவையில்லை! தொலைவில் இருக்கும் கோபுரம் அனுப்பிய ஆற்றலின் ஒரு துளியே தகட்டை அசைத்தது. என்னைக் கேட்டால், ரேடியோவின் வரலாற்றில் இதைவிட அழகான கருவி இல்லை.

குறை, சத்தத்தைப் பெருக்க முடியாது என்பதுதான். 1906-இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டி ஃபாரஸ்ட், கண்ணாடிக் குழாய்க்குள் மூன்று மின்முனைகளை வைத்து உருவாக்கிய வால்வு, சில ஆண்டுகளில் பெருக்கியாக மாறியது. ஸ்பீக்கர் வந்தது, கல் மெல்ல ஒதுங்கியது.

அப்புறம் இரண்டாம் உலகப் போரில் ரேடார் வந்தது. நுண்ணலைகளைக் கண்டறிய அன்றைய வால்வுகள் சரிவரவில்லை; சிலிக்கான் படிகத்தில் கம்பி முனை வைத்த பழைய முறையே திரும்பியது. அதற்காகப் படிகங்களைச் சுத்தப்படுத்தப் பழகிய அறிவு அடுத்த படிக்கு உதவியது. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டைனும் ஜெர்மானியம் படிகத்தின் மேல் இரண்டு தங்க முனைகளை மிக நெருக்கமாக அழுத்தினார்கள். இந்த முறை படிகமே ஒலியைப் பெருக்கியது. அதுதான் முதல் டிரான்சிஸ்டர். 1954-இல் விற்பனைக்கு வந்த முதல் டிரான்சிஸ்டர் ரேடியோவில் அவை நான்கு இருந்தன. குரலைப் பிரித்தெடுக்கும் வேலைக்கு மட்டும், அந்தக் கல்லைப் போலவே மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு படிக டயோடு.