பாக்கி கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கவனத்துக்கு

மாதாமாதம் 18, 19 தேதிகளில் என் போனுக்கு ஓய்வு கிடையாது. மாதாந்திரம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களுக்கு 20ஆம் தேதி கடைசி நாள். "சார், பில் போட்டாச்சுங்க, பணம் இன்னும் வரலீங்க. வரியை அடுத்த மாசம் சேத்துக் கட்டிக்கலாமுங்களா?" கோவையில் ஆடிட்டராக உட்கார்ந்த நாள் முதல் இதைக் கேட்காத மாதம் இல்லை.

முடியாது. சரக்கு விற்றால், பணம் வந்த தேதியை ஜிஎஸ்டி பார்ப்பதில்லை, பில் தேதியைத்தான் பார்க்கும். 1 லட்சத்துக்குச் சரக்கு, 18 ஆயிரம் வரி என்று பில் போட்டால், இன்புட் (நாம் வாங்கிய பொருளுக்கு ஏற்கெனவே கொடுத்த வரி) கழித்தது போக மீதியைக் கையிலிருந்து கட்டியாக வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். ஆக, நம் வாடிக்கையாளருக்கு நாம் வட்டியில்லாக் கடன் கொடுத்துவிட்டு, அரசாங்கத்துக்கு வட்டி கட்டுகிறோம்.

கணபதி பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர். இன்ஜினியரிங் முடித்து, வேலையை விட்டு, செகண்ட்ஹேண்ட் சிஎன்சி மெஷின் ஒன்றை லோனில் வாங்கிப் பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறார். வேலை சுத்தம், ஆர்டருக்கும் குறைவில்லை. கணக்கில் லாபம் தெரிகிறது, கையில் காசில்லை. லெட்ஜரைத் திறந்தால் 60 நாள், 90 நாள் பாக்கி வரிசையாக நிற்கிறது. "ஏன் கேட்கலை?" என்றேன். "கேட்டா ஆர்டர் போயிருமேங்க சார்."

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு எந்தப் பயிற்சியிலும் இதைச் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. லோன், மானியம், மார்க்கெட்டிங் எல்லாம் சொல்கிறார்கள். செய்த வேலைக்குக் காசைக் கேட்கக் கூச்சம் விட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. (என் ஆபீஸ் ஃபீஸ் பாக்கி லிஸ்ட்டைப் பார்த்தால் எனக்கும் அந்தப் பாடம் தேவை என்பது தெரியும். அது வேறு கதை.)

சட்டம் உங்கள் பக்கம்தான். 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடு தாண்டிப் பாக்கி வைத்த தொகையை வாங்கியவர் அந்த வருடச் செலவில் காட்டவும் முடியாது. அதனால்தான் மார்ச்சில் மட்டும் அவர்களே போன் போட்டு உத்யம் சர்டிஃபிகேட் (குறு, சிறு தொழிலாக அரசிடம் பதிந்ததற்கான சான்று) கேட்கிறார்கள்.

உத்யம் பதிவு இலவசம். அதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கொடுத்துவிட்டு வருகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். முதல் பில்லுக்கு முன்பே பதிந்து, அந்த எண்ணைப் பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள். சரக்கை வாங்கி அப்படியே விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கஷ்டம் என்பதையும் மனதில் வையுங்கள்.

சரி, சட்டம் பேசிப் பழகிய கஸ்டமரை இழப்பானேன் என்பீர்கள். நியாயம். அதனால்தான் தம்பியை என் எதிரே உட்காரவைத்து ஒரு போன் போடச் சொன்னேன். ஆர்டர் கொடுக்கும் பர்ச்சேஸ் மேனேஜருக்கு அல்ல, அக்கவுண்ட்ஸுக்கு. "பணம் எப்பங்க?" என்று கேட்கவும் வேண்டாம், "எங்க பில் பாஸ் ஆயிடுச்சுங்களா?" என்று கேட்டால் போதும் என்றேன். கை நடுங்கத்தான் போட்டார். அந்தப் பக்கம் ஒரு பெண் கம்ப்யூட்டரில் தேடிவிட்டுச் சொன்னார்: "உங்க பில்லுல பர்ச்சேஸ் ஆர்டர் நம்பர் இல்லைங்க. அதான் ரெண்டு மாசமா ஹோல்டுல இருக்கு. மெயில்ல அனுப்பிடுங்க."

யாரும் வேண்டுமென்றே பணத்தைப் பிடித்து வைக்கவில்லை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து சரக்கு போன பத்தாம் நாள் இந்த ஒரு கேள்வியைக் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டார். கோபமில்லை, கெஞ்சலுமில்லை.

அடுத்த வியாழக்கிழமை 1 லட்சத்து 18 ஆயிரம் கணக்கில் ஏறியது. இன்னும் இரண்டு இடத்தில் பாக்கி. அதில் ஒன்று அவருடைய சொந்தப் பெரியப்பாவின் கம்பெனி. "அங்க எப்படீங்க சார் கேக்கறது?" என்றார். அதற்கு என்னிடமும் பதில் இல்லை.