கடன் தீர்ந்த பாய்லரும் மாவு மில் மாடியும்

ஆந்திர-தமிழக எல்லையில், நகரியை ஒட்டிய ஏகாம்பரகுப்பத்தில் மாவு மில் வைத்திருக்கும் மாமா ஒருவர் போன மாதம் கேட்டார்: "அனல் மின் நிலையம் கட்டின கடனெல்லாம் எப்பவோ அடைஞ்சிருக்கும். பழைய லாரி மாதிரி, டீசல் போட்டா ஓடும். அதைவிட மாடில போடுற சோலார் எப்படிப்பா மலிவாகும்?"

அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் செட் (பாய்லர், டர்பைன், ஜெனரேட்டர் சேர்ந்தது) ஒன்றில் பத்தொன்பது வருஷம் பாய்லர் பராமரிப்பு பார்த்தவன் நான். இப்போது இந்த எல்லை ஊர்களில் மின் தணிக்கை செய்கிறேன். மாமா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நம்பித்தான் பலரும் கணக்கில் தவறுகிறார்கள்.

மின் நிலையத்துக்குத் தரும் பணம் இரண்டு பங்காகப் போகிறது. கடன், தேய்மானம், சம்பளம் எல்லாம் நிலைக்கட்டணம். எரிக்கும் கரி தனிக் கட்டணம். நிலையத்துக்கு வயதாக ஆக முதல் பங்கு இறங்கும், சரி. இரண்டாவது இறங்காது.

பழைய 210 மெகாவாட் செட்டுக்கு ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கச் சுமார் 2,500 கிலோகலோரி வெப்பம் வேண்டும். நம் நாட்டுக் கரியில் கிலோவுக்கு 3,500, 3,600 கிடைத்தால் அதுவே நல்ல கரி. ஆக யூனிட்டுக்கு 700 கிராம். முழுச் சுமையில் ஓடினால் நாளைக்கு 3,500 டன், கிட்டத்தட்ட ஒரு முழு சரக்கு ரயில். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். கடப்பை மாவட்டத்து முத்தனூரு நிலையத்துக்குக் கரி தெலங்கானாவின் சிங்கரேணிச் சுரங்கங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறது. அவ்வளவு தூரம் சாம்பலுக்கும் சேர்த்துத்தான் கூலி. இறக்கிய விலை டன் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கரிக்கு மட்டும் யூனிட்டுக்கு மூன்றரை ரூபாய். அந்த மின்சாரத்திலும் 8, 9 சதவீதம் நிலையத்தின் ஃபேனுக்கும் பம்புக்குமே போய்விடும். கம்பியில் கொஞ்சம் கரையும். மாமா வீட்டு மீட்டருக்கு வந்து சேரும்போது, கடனே இல்லாத நிலையத்தின் வெறும் கரிச்செலவே நாலு ரூபாயைத் தாண்டியிருக்கும்.

வயதின் செலவு இதற்கு மேல். இந்த நிலையங்களை 25 வருஷ ஆயுளுக்குத்தான் கட்டினார்கள். பறக்கும் சாம்பல் உரசி உரசி பாய்லர் குழாய்கள் மெலிந்துவிடும். ஒரு ட்யூப் லீக் வந்தால் செட்டை நிறுத்தி, ஆறவிட்டு, உள்ளே ஆள் புகுந்து வெல்டிங் வைத்து, தண்ணீர் அழுத்தத்தில் சோதித்து, மறுபடி எண்ணெய் ஊற்றிப் பற்ற வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் போய்விடும். எத்தனை தீபாவளி அந்த வெக்கையில் கழிந்தது என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது இன்னொரு சிரமமும் சேர்ந்திருக்கிறது. பகலில் சூரிய மின்சாரம் நிறைய வருவதால் பாய்லரைப் பாதிச் சுமைக்கு இறக்கி, சாயங்காலம் திரும்ப ஏற்றுகிறார்கள். சுமை குறைந்தால் யூனிட்டுக்கு எரியும் கரி கூடும். தினமும் சூடேறி ஆறும் இரும்பு சீக்கிரம் விரிசல் விடும். எண்ணூரில் 1970 முதல் 1975 வரை கட்டிய 450 மெகாவாட் நிலையத்தை 2017 மார்ச்சில் மூடிவிட்டார்கள்.

இனி மாடிக்கு வருவோம். மாமாவின் வீட்டுக்கு 3 கிலோவாட் போட நான் போட்ட மதிப்பீடு 2 லட்சம். நம் பக்கத்து வெயிலுக்கு நாளைக்குச் சராசரி 12 யூனிட். ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும், பங்குனியில் கூடும். பேனல் மெல்ல மெல்லத் தளர்வதையும் கழித்தால் 25 வருஷத்தில் சுமார் ஒரு லட்சம் யூனிட். நடுவில் ஒருமுறை இன்வெர்ட்டர் மாற்ற 40,000. யூனிட் 2 ரூபாய் 40 பைசா ஆகிறது. 2024-இல் வந்த மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் கிடைத்தால் 1 ரூபாய் 60 பைசா. வங்கிக் கடன் வட்டியைச் சேர்த்தாலும் இரண்டு ரூபாய் சொச்சத்தில் நிற்கும். கரி விலை ஏறியதென்று பில்லில் பின்னால் வந்து ஒட்டும் ட்ரூ-அப் தொகை இந்த யூனிட்டுகளுக்குக் கிடையாது.

இதைக் கேட்டு உடனே கையெழுத்துப் போட வேண்டாம். மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டும்தான். மில்லுக்கும் வாங்கித் தருகிறேன் என்று ஒரு விற்பனையாளர் மாமாவிடம் முன்பணம் கேட்டிருந்தார். நல்லவேளை, அவர் கொடுக்கவில்லை. அப்புறம், பேட்டரி இல்லாத சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். மின்வெட்டுக்கு மருந்து என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

ராத்திரி ஏழு மணிக்கு மாடி ஒரு யூனிட்டும் தராது. அந்த நேரத்துக்குப் பாய்லர் இன்றைக்கும் வேண்டும். அங்கே ஷிஃப்ட் பார்ப்பவர்கள் என் கூட்டாளிகள், அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆயுள் முடிந்த செட்டுக்கு மறுபடி கோடிகளைக் கொட்டி ஓட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் நகரி ஆறு கொசஸ்தலையில் கலந்து எண்ணூரில்தான் கடலைத் தொடுகிறது. அந்தக் கழிமுகத்தில் படிந்த சாம்பலால் மீன்பாடு இழந்தவர்களின் நஷ்டம் மேலே போட்ட எந்தக் கணக்கிலும் வரவில்லை.

மாமா வீட்டுக்கு மட்டும் போடச் சம்மதித்துவிட்டார். தெற்கே நிற்கும் புளியமரத்தின் நிழல் மார்கழியில் மாடியில் எதுவரை விழும் என்று அளக்க ஞாயிற்றுக்கிழமை போகிறேன். மில்லிலிருந்து பறக்கும் மாவு கண்ணாடியில் படியும். வாரம் ஒருமுறை, வெயில் ஏறுமுன் கழுவ வேண்டும் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன்.