மார்க்குக்கு இன்றைய விலை என்று ஒன்று கிடையாது

“அண்ணை, இண்டைக்கு மார்க் என்ன விலை போகுது?”

பிராங்பேர்ட் பக்கம் பழைய நாணயங்களையும் தாள் காசுகளையும் மதிப்பிடும் கடையொன்றில் வேலை செய்கிறேன். தமிழ் ஆள் என்று தெரிந்ததிலிருந்து மாதத்தில் இரண்டு பேராவது இப்படிக் கேட்டு அழைக்கிறார்கள். இறந்துபோன மாமாவின் கோட்டுப் பை, வீடு மாறும்போது அலமாரிக்குப் பின்னால் அகப்பட்ட கடித உறை, எங்கிருந்தாவது யூரோவுக்கு முந்திய யேர்மன் காசான மார்க் வெளியே வந்துவிடும். நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். 1998 டிசம்பர் 31 அன்றே அந்தக் கணக்கை மூடிவிட்டார்கள்: ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க், 6.55957 பிரெஞ்சு பிராங்க், 1936.27 இத்தாலிய லீரா. ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. “இப்ப விலை குறைவு, பொறுத்து மாத்துங்கோ” என்று யாராவது சொன்னால் அவருக்கு விஷயம் தெரியாது, இல்லாவிட்டால் மிக நன்றாகத் தெரியும்.

ஆனால் பழைய காசை யூரோவாக மாற்றும் கெடு நாட்டுக்கு நாடு வேறு, எங்கள் ஆட்கள் அடிபடுவது அதில்தான். போன வருடம் பாரிஸிலிருந்து உறவு வீட்டுக்கு வந்த ஒரு தம்பி, மேரி கியூரியும் பியர் கியூரியும் இருக்கும் 500 பிராங்க் தாள் ஒன்பதை மேசையில் விரித்தார். தகப்பன் பாரிஸின் தமிழ்க் கடைப் பகுதியான லா ஷப்பலில் கடை கடையாக வேலை செய்து சேர்த்ததாம். கணக்குப்படி 686 யூரோ. பிரான்ஸ் தாள்களை மாற்றுவதை 2012 பெப்ரவரி 17 உடன் நிறுத்திவிட்டது, சில்லறைக்கு அதற்கும் ஏழு வருடம் முன்பே கதவு சாத்தியாயிற்று. சேகரிப்பாளர்கள் வாங்குவார்கள்தான், ஆனால் இப்படிக் கசங்கி மடிந்த தாளுக்கு முகமதிப்பைக்கூடத் தரமாட்டார்கள். இதை ஒருவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது எனக்கு இன்னும் பழகவில்லை.

இத்தாலி செய்தது இன்னும் மோசம். 2012 பெப்ரவரி இறுதிவரை மாற்றலாம் என்று சொல்லியிருந்துவிட்டு, 2011 டிசம்பர் 6 அன்று ஒரே ஆணையில் மிச்ச லீராவெல்லாம் அரசுக்கே என்று முடித்துவிட்டார்கள். 2015 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அது தவறு என்றது; பலன் கிடைத்தது என்னவோ அந்த இடைக்காலத்தில் மாற்றக் கேட்டதைக் காட்ட முடிந்தவர்களுக்கு மட்டும்தான். ஸ்பெயின் பெசெத்தாவும் 2021 ஜூன் 30 உடன் சரி.

மார்க் வைத்திருப்பவர் பயப்பட வேண்டாம். தாளோ சில்லறையோ, யேர்மன் மத்திய வங்கியான புண்டஸ்பாங்க் காலவரையின்றி, கட்டணமின்றி மாற்றித் தருகிறது. ஆயிரம் மார்க் கொடுத்தால் 511 யூரோ 29 சதம். ஆகவே “பத்து வீதம்தான் கமிஷன்” என்று சொல்லும் ஆளிடம் கொடுக்க ஒரு காரணமும் இல்லை. கிழிந்த தாளிலும் பாதிக்கு மேல் கையில் இருந்தால் பணம் கிடைக்கும். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள்: கார்ல் மார்க்ஸ் படம் போட்ட 100 மார்க் தாள் கிழக்கு யேர்மனியுடையது, 1990 இலேயே அதன் கதை முடிந்தது. அந்த நாட்டுத் தாள்களை ஹல்பர்ஸ்டட் அருகே சுரங்கத்துக்குள் கொட்டி மூடினார்கள், பிறகு ஆட்கள் உள்ளே புகுந்து எடுத்து விற்றார்கள். புழக்கத்துக்கே வராத 200, 500 மார்க் தாள்கள் சேகரிப்பாளர் கைக்கு வந்ததும் அப்படித்தான்.

அதற்காக எல்லா மார்க்கையும் அள்ளிக்கொண்டு வங்கிக்கு ஓடவும் வேண்டாம். ஐந்து மார்க் நாணயக் குத்திகளில் 1974 வரையான ஆண்டு உள்ளதைத் தனியே பிரித்து வையுங்கள். அது 11.2 கிராம், அதில் 7 கிராம் சுத்த வெள்ளி. வங்கி தருவது 2 யூரோ 56 சதம், அதாவது கிராமுக்கு 37 சதம்கூட வராது. வெள்ளி அந்த விலையைத் தாண்டிப் பல வருடமாகிறது. 1975 இலிருந்து வந்த சாதாரணப் புழக்கக் குத்தி 10 கிராம், வெள்ளி கிடையாது, அதை வங்கியிலேயே கொடுக்கலாம்.

அப்புறம், தயவுசெய்து கழுவாதீர்கள்! ஒரு பெரியவர் இருபது வெள்ளிக் குத்திகளைப் புளி போட்டுத் தேய்த்து, கோயில் குத்துவிளக்கு மாதிரிப் பளபளக்க வைத்துக் கொண்டுவந்தார். நல்லவேளை, எல்லாம் சாதாரண ஆண்டுகள், வெள்ளி விலை கிடைத்தது. அதில் ஒன்று 1958 ஆம் ஆண்டு, ஹம்பேர்க் நாணய ஆலையின் ஜே எழுத்துடன் இருந்திருந்தால்? 60,000 மட்டுமே அடித்தது அது. தேய்த்த கோடு விழுந்ததும் விலை பாதாளத்துக்குப் போயிருக்கும். 1950 ஆம் ஆண்டு, ஜி எழுத்து, ‘பாங்க் டொய்ச்சர் லேண்டர்’ என்று பொறித்த 50 பெனிக் (மார்க்கின் சில்லறை) குத்திக்கும் அப்படியே, அது 30,000 தான்.

நேரில் போக முடியாதவர்கள் புண்டஸ்பாங்கின் மைன்ஸ் கிளைக்குப் படிவத்துடன் தபாலில் அனுப்பலாம். வழியில் தொலைந்தால் பொறுப்பு உங்களுடையது, அதனால் அனுப்புமுன் எண்ணிப் படம் எடுத்து வையுங்கள். ஒல்லாந்து குல்டன் கையில் இருந்தால் வேறு கதை: சில்லறை 2007 இலேயே போய்விட்டது, தாளில் சில பழையவற்றுக்கும் காலம் கடந்துவிட்டது, கடைசியாகப் புழங்கியவற்றுக்கு 2032 ஜனவரி 1 வரை நேரம் இருக்கிறது.