கோட்டுக்குக் கீழே இருப்பது வசனம் அல்ல

சென்ற மாதம் குழித்துறைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை. பள்ளி விட்டு வரும்போது கதவு திறந்து கிடந்து, அடுப்படியிலும் ஆட்டுக்கொட்டிலிலும் ஆள் இல்லையென்றால் அவளுக்குக் கைகால் நடுங்கிவிடுகிறதாம். கிறிஸ்து இரகசியமாக வந்து விசுவாசிகளை எடுத்துக்கொண்டு போவார் என்கிறார்களே, அந்த இரகசிய வருகையில் அம்மாவும் தம்பியும் போய்விட்டார்கள், நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்று அழுகை. ஒரு நாள் தாய் அடுத்த வீட்டுக்கு மரச்சீனிக் கிழங்கு வாங்கப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் பிள்ளை மயங்கிக் கிடந்தாள்.

"இதை எங்கே அம்மா வாசித்தாய்?" என்று கேட்டேன்.

"வேதத்திலேயே போட்டிருக்கிறது, ஐயரே."

கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தேன். சபையில் முழு உறுப்பினராகும் திடப்படுத்தல் சடங்குக்கு அவள் மாமா வாங்கிக் கொடுத்த வேதாகமம். தோல் அட்டை, பொன் ஓரம். பக்கத்தின் மேல்பாதியில் வசனம், நடுவில் ஒரு கோடு, கீழ்ப்பாதியில் சிறிய எழுத்தில் விளக்கம். அவள் விரல் வைத்த இடம் கீழ்ப்பாதி.

புதிய ஏற்பாடு கற்பிக்கும் வேலைக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. "வேதத்திலேயே போட்டிருக்கிறது" என்ற இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. ஆதார் அட்டையே வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷம் சொல்லும் மிருகத்தின் முத்திரை என்று எடுக்க மறுத்த பெரியவர் இதைத்தான் சொன்னார். உலகம் முடியப்போகிறது, இனி எதற்குப் படிப்பு என்று நர்சிங்கைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்ற பையனும் இதைத்தான் சொன்னான். எல்லாரும் தொட்டுக் காட்டியது கோட்டுக்குக் கீழே.

ஆகவே எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன். ஒரே தையலில் தைத்து ஒரே அட்டைக்குள் வைத்ததால் எல்லாம் வேதம் ஆகிவிடாது. முன்னுரையை ஒருவர் எழுதினார். தடித்த எழுத்தில் வரும் தலைப்புகளை ஒருவர் போட்டார். வரைபடத்தை ஒருவர் வரைந்தார். வசனங்களுக்கு இன்று நாம் சொல்லும் எண்கள்கூடப் புதிய ஏற்பாட்டில் 1551இல்தான் ஏறின, பாரிஸிலிருந்து ஜெனீவாவுக்குக் குடிபெயர்ந்த அச்சுக்காரர் ஒருவரின் கைவேலையாக. பிள்ளையின் கணக்கு நோட்டில் ஆசிரியர் எழுதினால் சிவப்பு மையில் எழுதுவார், யார் எழுதியது என்று பார்த்தவுடன் தெரியும். விளக்க வேதாகமத்தில் இரண்டுக்கும் ஒரே கறுப்பு மை. எழுத்தின் அளவு மட்டும் கொஞ்சம் சிறியது. அந்தச் சிறிய வித்தியாசத்தை நம் கண் ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறது. ஒரு மாதத்தில் விளக்கம் எது, வசனம் எது என்று வாய்க்கும் தெரியாமல் போகிறது.

அந்தப் பிள்ளையிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்துக் கீழ்ப்பாதியை மூடச் சொன்னேன். 1 தெசலோனிக்கேயர் 4:16ஐச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். கர்த்தர் "ஆரவாரத்தோடும், பிரதான தூதனுடைய சத்தத்தோடும், தேவ எக்காளத்தோடும்" இறங்கிவருவார் என்று வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "இவ்வளவு சத்தத்தோடு வந்தால் எப்படி இரகசியம்?" கேள்வி அவளுடையது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

"இரகசிய வருகை" என்ற சொற்றொடர் வேதாகமத்தில் எங்கும் இல்லை. "ஏழு வருட உபத்திரவம்" வெளிப்படுத்தின விசேஷத்தில் இல்லை. அங்கே இருப்பது நாற்பத்திரண்டு மாதமும் ஆயிரத்திருநூற்றறுபது நாளும்தான். தானியேல் 9:27இன் "ஒரு வாரத்தை" ஏழு ஆண்டாக எண்ணி இதோடு சேர்த்துத் தைத்தவர்கள் விளக்கக்காரர்கள். "அந்திக்கிறிஸ்து" என்ற சொல்லும் வெளிப்படுத்தின விசேஷத்தில் கிடையாது. யோவானின் முதல் இரண்டு நிருபங்களில் மட்டும் வருகிறது, அங்கேயும் "அநேக அந்திக்கிறிஸ்துகள்" என்று பன்மையிலும் பேசுகிறது. அந்தி என்றால் சாயங்காலம், ஆகவே கடைசிக்காலத்துக் கிறிஸ்து என்று ஒருவர் எனக்கே பாடம் நடத்தினார். அது கிரேக்கச் சொல், எதிரி என்று பொருள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இரகசிய வருகை, ஏழு வருட உபத்திரவம் என்று அடுக்கும் இந்தக் கால அட்டவணைக்கு வயது அதிகமில்லை. 1830களில் பிரிட்டனில் போதகர் ஜான் நெல்சன் டார்பி வகுத்த சட்டகம் இது. அமெரிக்காவில் வழக்கறிஞராக இருந்து போதகரான ஸ்கோஃபீல்டு அதைக் குறிப்புகளாக்கி, வசனம் இருக்கும் அதே பக்கத்தில் அச்சிட்டு 1909இல் வெளியிட்டார். தனி நூலாக வந்திருந்தால் ஒரு மனிதரின் கருத்து என்று வாசித்திருப்பார்கள். நம் கன்வென்ஷன் பந்தல்களில் துணியில் வரைந்து தொங்கவிடும் காலப்படங்களும் அந்த வழியில் வந்தவைதாம். அப்படி நம்புகிறவர்கள் என் நண்பர்களிலும் உண்டு, நல்ல விசுவாசிகள். அது ஒரு வாசிப்பு, அவ்வளவே. ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகள் திருச்சபை வேறு விதங்களிலும் வாசித்திருக்கிறது. மற்ற நூல்களுக்கு விளக்கவுரை எழுதிக் குவித்த சீர்திருத்தவாதி கால்வின் வெளிப்படுத்தின விசேஷத்துக்கு எழுதவேயில்லை. இன்னொரு சீர்திருத்தவாதியான லூத்தர் 1522இல் இதை அப்போஸ்தல நூலாக ஏற்கவே தயங்கினார்.

குறிப்பு வேண்டுமா வேண்டாமா என்பது பழைய சண்டை. 1560இன் ஜெனீவா வேதாகமத்து ஓரக்குறிப்புகள் அரசரை எதிர்க்கத் தூண்டுகின்றன என்று இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸுக்கு எரிச்சல். அதனால் 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பில் மூலச்சொல்லை விளக்குவதைத் தவிர வேறு ஓரக்குறிப்பு கூடாது என்று கட்டளையிட்டார். 1804இல் லண்டனில் தொடங்கிய வேதாகமச் சங்கத்தின் தொடக்க விதியும் குறிப்பில்லாமல் அச்சிடுவதாகத்தான் இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையோ 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் மொழிபெயர்ப்புக்குத் தேவையான விளக்கக்குறிப்பு இருந்தே ஆகவேண்டும் என்கிறது. நம் மாவட்டத்தில் ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளில் இந்த இரண்டு கொள்கையும் குடியிருக்கின்றன. பகையில்லாமல்தான்.

குறிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில் லவோதிக்கேயா ஊர்ச் சபைக்கு "நீ குளிராயாவது அனலாயாவது இருந்தால் நலமாயிருக்கும்" என்று வருகிறதே, விசுவாசத்தில் குளிர்ந்துபோவது எப்படி நலமாகும் என்று ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு நல்ல துணைநூல் அந்த ஊரைக் காட்டும். அருகிலிருந்த எராப்போலியில் வெந்நீர் ஊற்று, கொலோசெயில் குளிர்ந்த நீர், லவோதிக்கேயாவின் தண்ணீரோ இரண்டுக்கும் உதவாதது. காய்ச்சலுக்கு வெந்நீர், வெயிலுக்குப் பானைத்தண்ணீர், வெதுவெதுப்பை என்ன செய்வது? இது தெரிந்தபின் வசனம் திறந்துகொள்கிறது. துணைநூல் செய்யவேண்டிய வேலை இவ்வளவுதான்.

குளச்சல் பக்கம் ஒரு கத்தோலிக்க நண்பர், வள்ளத்தில் போகிறவர், அதே நூலின் 21ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தோடு வந்தார். "கடலும் இல்லாமற்போயிற்றாமே. கடல் இல்லாத மோட்சத்தில் எனக்கு என்ன வேலை, சாமி?" இரண்டு விளக்கவுரைகளைக் கொடுத்தேன். ஒன்று, புதிய பூமியில் உண்மையாகவே சமுத்திரம் இருக்காது என்று நேராகச் சொன்னது. மற்றது 13ஆம் அதிகாரத்தில் மிருகம் கடலிலிருந்து ஏறிவருவதையும், 18ஆம் அதிகாரத்தில் பாபிலோனுக்காக அழும் கப்பற்காரரையும், யோவான் பத்மு தீவில் இருந்ததையும் காட்டியது. 2004 டிசம்பர் 26இல் தன் தெருவில் பலரைப் பறிகொடுத்தவர் அவர். இரண்டு வாரம் கழித்து வந்து, "கொன்ற கடல்தானே போகிறது, சோறு போட்டதைச் சொல்லவில்லையே" என்றார். இரண்டு புத்தகத்திலும் அது இல்லை. ஒன்றை மட்டும் கொடுத்திருந்தால் அதிலுள்ளதை அப்படியே ஒப்பித்திருப்பார்.

பயத்தில் மயங்கி விழும் பிள்ளையை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். முழங்கால் ஜெபம் நடத்துங்கள், ஆனால் அதைச் சொல்லி மருத்துவமனையைத் தள்ளிப்போடாதீர்கள். விளக்க வேதாகமம் வாங்குகிறவர்கள் மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ கடையில் நின்றே முன்னுரையைப் படியுங்கள். குறிப்பை யார் எழுதினார், எந்த ஆண்டு, எந்தச் சபைமரபில் நின்று எழுதினார் என்று தேடுங்கள். பெயரே போடாத புத்தகத்தை அலமாரியிலேயே திருப்பி வைத்துவிடுங்கள். வீட்டில் வாசிக்கும்போது அதிகாரம் முழுவதையும் குறிப்பில்லாத பழைய கறுப்பு அட்டை வேதாகமத்தில் ஒருமுறை வாசித்துவிட்டுப் பிறகு விளக்கத்துக்குப் போங்கள். ஒத்துவாக்கியம், அதாவது இதோடு ஒத்த வேறு வசனத்தின் எண், கொடுத்திருந்தால் அந்த வசனத்தை எடுத்துப் பாருங்கள், எடுத்துப் பார்த்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். உடன் ஊழியர்களே, பிரசங்கத்தில் "வேதம் சொல்லுகிறது" என்று தொடங்கி அடிக்குறிப்பை வாசிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். கீழே உட்கார்ந்திருப்பவர்களில் பதினாறு வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளை இப்போது சற்றுத் தேறியிருக்கிறாள். காகிதத்தை இன்னும் வேதாகமத்துக்குள்ளேயே வைத்திருக்கிறாளாம். அடுத்த ஆண்டு தம்பிக்குத் திடப்படுத்தல். மாமா இதை வாசிப்பார் என்று தெரியும். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கடைக்குப் போகும் முன் எனக்கு ஒரு போன் செய்தால் போதும்.